குசினி யன்னலடியில் இரண்டு நிமிடம்

ஒரு காரின் முன்பாதி மட்டும் லொறியில் வந்து எங்கள் வளவுக்குள் இறங்கியது. இரண்டு விளக்கு, ஒரு பொனட், உள்ளே எஞ்சின், கொத்துக் கொத்தாய் வயர். முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. ஜப்பானில் பழைய கார்களை இப்படி நடுவாக வெட்டிக் கப்பலேற்றுவார்கள், இங்கே அதற்கு ஹாஃப்கட் என்று பெயர் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்குத் தெரிந்தது, மாவிடிக்க நான் அரிசி காயப்போட்டிருந்த பாய்க்குப் பக்கத்தில் அது ஒயில் ஒழுகிக்கொண்டு கிடந்தது என்பதுதான். மாமரத்தின் கீழே நின்று அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார் அண்ணன். கட்டார் நாட்டு வேலையிலிருந்து திரும்பி வந்த பிறகு அவர் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் கண்டதில்லை. கண்டும் எனக்கு இரக்கம் வரவில்லை.

அவரிடம் ஏற்கெனவே ஒரு கார் இருந்தது. இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, சிவப்பு நிறம். நிற்கும்போது பார்த்தால் பறக்கப்போகிற தோரணை. ஓடினால்தான் தெரியும் சங்கதி. அந்த வகைக் காரில் டேர்போ உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. அண்ணனுக்கு வாய்த்தது இல்லாதது. டேர்போ என்றால், வெளியேறும் புகையின் வேகத்திலேயே ஒரு குட்டிக் காற்றாடியைச் சுற்றவிட்டு, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி ஏற்றும் சாமான். கல்லடிப் பாலத்தில் வாழைக்குலை ஏற்றிய சின்ன லொறியொன்று தன்னை முந்திப் போனதை அவரால் தாங்கவே முடியவில்லை. டேர்போவை மட்டும் வாங்கிப் பூட்டினால் பழைய எஞ்சின் தாங்காதாம். முழு எஞ்சினையும் மாற்ற வேண்டுமாம். அதற்குத்தான் இந்த அரைக் கார்.

எனக்கு வாய் நீளம். எங்கள் ஊர் அமிர்தகழியில் இதை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அரிசிப் பாயைச் சுருட்டிக்கொண்டே, “இது என்ட வளவு. உங்கட இரும்பை எடுத்திட்டு வேற எங்கயாவது போங்க” என்றேன். எங்கள் பக்கத்தில் வீடுவாசல் பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். அண்ணன் கல்யாணமே முடிக்கவில்லை. என் சீதனத்துக்கென்று அந்த வீட்டைக் கட்டியதோ அவர் கட்டார் வெயிலில் நின்று உழைத்த உழைப்பு. கல் அவருடையது, உறுதிப் பத்திரம் என் பேரில். இது தெரிந்துதான் சொன்னேன். கோபத்தில் வாய் தவறிவிட்டது என்றால் அது பொய். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அந்த அரைக் கார் பின்வளவுக்குப் போயிருந்தது. அண்ணனின் அறைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த கதவு பூட்டிக் கிடந்தது. அவர் பின்பக்கத்தால் போனார், பின்பக்கத்தால் வந்தார், கடையில் சாப்பிட்டார். ஒரு கிழமை நான் சோறு வைத்துப் பார்த்தேன், வைத்தபடியே இருந்தது. சரிதான் போ என்று நானும் விட்டேன். என் கணவர் நடுவில் நின்று பேசிப் பார்த்துக் களைத்துப்போனார். ஒரு வருடத்துக்கும் மேலாக ஒரே வளவுக்குள் இரண்டு ஊமைகள்.

வேலை மட்டும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனின் சிநேகிதர் ஒருவர், வயரிங் வேலை தெரிந்தவர், ஏறாவூரிலிருந்து வருவார். பழைய வயர்க்கொத்தையும் புதியதையும் சாக்கில் பரப்பி, எது எதோடு சேரும் என்று கடதாசியில் எழுதி எழுதி இருவரும் மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஒருநாள் எஞ்சின் பிடித்தது. என் குசினித் தட்டுகள் அதிர்ந்தன. ஓடிப்போய்ப் பார்க்க ஆசை. தேங்காய்த் துருவலோடு நின்ற இடத்திலேயே நின்றேன், அவ்வளவு வீம்பு.

மூன்று மாதம் ஓடியிருக்கும். பிறகு அந்தக் கார் நீலப் புகை கக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. மறுபடியும் பொனட் திறந்து கிடந்தது, டேர்போ பழுதாம். கொழும்பிலிருந்து வேறொரு டேர்போ வந்தது. அதற்குப் பிறகுதான் புதுப் பழக்கமொன்று தொடங்கியது. பின்னேரம் அண்ணன் வந்து, சரியாக என் குசினி யன்னலடியில் காரை நிறுத்துவார். எஞ்சினை அணைக்க மாட்டார். உள்ளேயே குந்தியிருப்பார், கார் உறுமிக்கொண்டிருக்கும். நான்காம் நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. யன்னலால் தலையை நீட்டி, அதை நிப்பாட்ட ஏலாதா என்று கத்தினேன். ஒரு வருடத்துக்குப் பிறகு அவருக்கென்று என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது.

“ரெண்டு நிமிஷம் பொறு புள்ள. ஓடி வந்த சூட்டோட நிப்பாட்டினா உள்ள ஒயில் கருகி டேர்போ போயிரும். முந்தினது அப்படித்தான் போனது” என்றார் அண்ணன்.

முந்தினது ஏன் போனது என்பது எனக்குத் தெரியும். எனக்குச் சத்தம் பிடிக்காதென்று, அந்த மூன்று மாதமும் வாசல் கேற்றடியிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்துத் தோளால் காரைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அவர். மணலில் சில்லுப் புதையும், மூச்சு வாங்கும். நான் யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதன் பிறகு தினமும் இரண்டு நிமிடம். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை, சட்டியோடு பேசினேன். புளி முடிந்துவிட்டதே என்று சட்டிக்குச் சொன்னால் அடுத்த நாள் யன்னல் கட்டின் மேல் புளி இருக்கும். அவர் ஸ்டியரிங்குக்குச் சொல்வார், வாவியில் இறால் நல்லாய்ப் படுகிறதென்று. மன்னிப்புக் கேட்கப் போதுமான நேரம்தான் இரண்டு நிமிடம். ஒவ்வொரு நாளும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன்.

ஒருநாள் அண்ணன் இல்லாத நேரம் அந்தச் சிநேகிதர் தன் வயரிங் வேலைச் சாமான்களை எடுக்க வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். வருகிற வெள்ளிக்கிழமை அண்ணன் செங்கலடியில் அறையெடுத்துப் போகிறார், காரோடு, ஒரேயடியாக, இது தங்கச்சியின் வளவாம் என்றார். இனி எங்கே குந்தியிருந்து அந்த எஞ்சினை ஆறவைப்பாராம் என்று குத்தலாகக் கேட்டேன். அவர் சிரித்தார்.

“அதுக்கு ஆள் இருக்கத் தேவையில்லக்கா. சாவியை எடுத்தாலும் ரெண்டு நிமிஷம் ஓடி, தானா நிக்கிற டைமர் இருக்கு. அந்த ஹாஃப்கட்டிலயே வந்தது. பூட்டித் தாறன் எண்டன். வேணாமாம். குந்தியிருந்தா தங்கச்சிட சத்தமாவது கேக்குமாம்.”

சிநேகிதர் போன பிறகு குசினிக்குள் நின்று அழுதேன். அன்று பின்னேரம் கார் வந்து நின்றதும், கை கழுவாமல், மஞ்சள் கையோடு போய் மற்றப் பக்கக் கதவைத் திறந்து ஏறிக் குந்தினேன். அந்தக் காருக்குள் நான் ஏறியது அதுதான் முதல் தடவை. அண்ணன் முன்னால் பார்த்தபடியே இருந்தார்.

“அண்ணன், நான் அண்டைக்குச் சொன்னது பிழை. தெரிஞ்சுதான் சொன்னன். இது நீங்க கட்டின வீடு.”

“உனக்கெண்டுதானே புள்ள கட்டினன்” என்றார்.

“அப்ப நான் சொல்லுறன், போகாதீங்க.”

அவர் போகவில்லை. செங்கலடி அறைக்காரருக்கு நானே போன் எடுத்து, ஆள் வராது என்றேன். அந்த நடுக் கதவின் பூட்டு துருப்பிடித்துத் திறக்க மறுத்தது. அண்ணனே அதை வெட்டி எடுத்தார்.

இப்போது அந்தக் காரில் டைமர் பூட்டியாகிவிட்டது. வந்து நிறுத்தியதும் சாவியைக் கழற்றிக்கொண்டு நேரே குசினிக்குள் வருகிறார். தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று அவர் குறை சொல்ல, கொழுப்பு உங்களுக்கு என்று நான் ஏச, வெளியே ஆளில்லாத கார் இரண்டு நிமிடம் உறுமிவிட்டுத் தன்பாட்டில் நின்றுபோகிறது.