மாமாவின் வயிற்றுக்கு ஒரு வலை

ஏ.எஸ்.ராவ் நகரில் என்னோடு படித்தவர்களின் அப்பாக்கள் ராடார், கம்ப்யூட்டர் என்று பெரிய பெரிய பொருள்கள் செய்துகொண்டிருந்தார்கள். என் அம்மா வலை செய்தாள். குடலிறக்கம் வந்தவர்களின் வயிற்றுக்குள் வைத்துத் தைக்கிற, உள்ளங்கை அகல வலை. தயாராகும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒன்றை மெஷினில் மாட்டி, கிழியும்வரை இழுத்துச் சோதிப்பது அவள் வேலை. எனக்கு அதில் இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. கழித்துப் போட்ட துண்டு ஒன்று எப்போதும் என் ஃபிராக் பையில் இருக்கும்.

அம்மாவின் அண்ணனுக்கு, அதாவது எங்கள் செகந்திராபாத் மாமாவுக்கு, அந்த வேலை பிடித்ததே இல்லை. அவள் டெக்ஸ்டைல் இன்ஜினியரிங் சேர்ந்தபோதே, பனியன் கம்பெனிக்குப் போக எதற்குப் பட்டம் என்று கேட்டவர். பார்க்கும்போதெல்லாம் கொசுவலை வியாபாரம் எப்படிப் போகிறது என்பார். அம்மா சிரித்து மழுப்பிவிடுவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கையில் அந்த மாமாவுக்கே குடலிறக்கம் வந்தது. தொப்புள் பக்கத்தில் எலுமிச்சை அளவுக்குப் புடைப்பு. டாக்டர் கொடுத்த தேதியை இரண்டு முறை தள்ளிப்போட்டார். குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்தாம் என்று அத்தை போனில் அழ, ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஆபரேஷனே நக்கோ, வேணாம்," என்றார் மாமா. "வலைன்னா நூல்தானே? உள்ள ஒரு இழை விட்டா மொத்தமும் பிரிஞ்சுடும். பனியனைப் பாக்கலையா நான்?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் கொடிக்கு ஓடினேன். மாமாவின் புதுப் பனியன் காய்ந்துகொண்டிருந்தது. அத்தையின் கத்தரிக்கோலால் நடுவில் வெட்டி, அவர் முன்னால் நின்று இரண்டு கையாலும் இழுத்தேன். பின்னல் கண்ணிகள் கழன்று ஓட்டை கீழே ஓடியது. பிறகு என் வலைத் துண்டை எடுத்து அதையும் வெட்டி இழுத்தேன். வெட்டு வெட்டாகவே நின்றது.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா என்னை முறைத்துவிட்டு வலையை மாமாவின் மடியில் விரித்தாள்.

"பனியன்ல ஒரு வரிசை பூரா ஒரே நூல் அண்ணா. அறுந்தா அடுத்த கண்ணிக்குப் பிடிப்பு இல்ல. இதுல நூத்துக்கணக்கான நூல் நீளவாக்குல போகுது. ஒவ்வொண்ணும் பக்கத்து நூலோட மாத்தி மாத்திக் கோத்துக்கும். எங்க வெட்டினாலும் ஓடாது."

"இருமினா?" மாமாவின் குரல் இறங்கியிருந்தது.

"இப்படி இழுத்துப் பாருங்க, விட்டுக்கொடுக்குது. இப்படி இழுங்க, அவ்வளவு கொடுக்காது. வயிறும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அசையாது. எந்தப் பக்கம் எப்படி வைக்கணும்னு டாக்டர் பாத்துத்தான் வைப்பாங்க."

மாமா அந்தத் துண்டை அப்படியும் இப்படியுமாக வெகுநேரம் இழுத்துப் பார்த்தார். பிறகு அம்மாவை நிமிர்ந்து பாராமல் சொன்னார்.

"ஹவ், சரி, பண்ணிக்கறேன். ஆனா நீ சோதிச்ச வலைதான் வைக்கணும். டாக்டர்கிட்ட சொல்லு. வேற நக்கோ."

அம்மா தலையாட்டிவிட்டு முகம் கழுவப் போனாள். திரும்பி வர நேரமாயிற்று. கண்கள் சிவந்திருந்தன. புதுப் பனியனை நாசமாக்கியதற்குத்தான் என்று பயந்து, இனிமேல் செய்ய மாட்டேன் என்றேன். அவள் என்னை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

மாமாவை ஜெயித்தது நான்தான் என்று பஸ்ஸில் வீடு வரும்வரை எனக்குப் பெருமை தாங்கவில்லை. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அண்ணன் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்க ஏங்கிய அம்மாவுக்கு, அன்று அவர் தன் வயிற்றையே நம்பிக் கொடுத்திருந்தார். அது எனக்கு எப்படித் தெரியும்?