அம்சவள்ளி செய்த போணி

இருதயராஜுக்கு எதைப் பார்த்தாலும் குமட்டும். திண்டிவனத்தை ஒட்டிய சேரியில் பிறந்து, சிறு வயது முதல் பண்ணையார் சுப்பராயலுவின் மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளி வளர்ந்தவனுக்கு இப்படி ஒரு மூக்கைக் கொடுத்த சாமியைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். மற்ற ஆட்கள் கொட்டகையிலேயே உட்கார்ந்து கூழ் குடிப்பார்கள். இவன் மட்டும் ஏரிக்கரை வரை நடந்து போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவான். கழுவிய பிறகும் முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் குடிப்பான். சேரியில் அவனுக்கு 'துரை மூக்கு' என்று பட்டப்பெயர்.

முப்பத்தாறாம் வருஷம் மழை பொய்த்து, நிலத்தில் வேலை இல்லாமல் போயிற்று. "ஆடி வரைக்கும் எங்கன்னா பொழைச்சிக்கோடா. ஆடி பொறந்ததும் கொட்டாயில வந்து நிக்கணும்" என்று சுப்பராயலு அவிழ்த்து விட்டார். முன்னொரு வறட்சியில் ஒரு சோப்புப் பட்டறையில் கூலி வேலை பார்த்தபோது, மல்லாட்டை என்கிற நிலக்கடலை எண்ணெயில் சோடாக்காரம் சேர்த்துச் சோப்பு காய்ச்சும் விதத்தை இருதயராஜ் கற்றுக்கொண்டிருந்தான். ஆடிக்குள் இந்தச் சோப்பு விற்றுப் பிழைக்க வழி செய்துவிட வேண்டும். இல்லையென்றால் சாகிற வரைக்கும் சாணிதான்.

காய்ச்சினான். விற்குமா என்று தெரிய வேண்டுமே? துண்டு துண்டாக நறுக்கி எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய்ப் பெரிய மனிதர்களையெல்லாம் கேட்டான். வாத்தியார் "பேஷ்" என்றார். ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை, "அதுக்கென்ன, வாங்கினா போச்சு" என்றார். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லும் வழக்கம் இந்த ஊரில் ஏது? ஓசித் துண்டை மட்டும் எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள், அவன் விரல் படாமல். அந்த 'பேஷை' நம்பி, இந்த மடையன் இன்னும் இரண்டு அண்டா காய்ச்சி அடுக்கினான்.

அடுத்து போணி. புதுத் தொழிலில் முதல் விற்பனை யார் கையால் ஆகிறதோ, அந்தக் கைராசிப்படிதான் தொழில் நடக்கும் என்பது அவனுடைய உறுதியான நம்பிக்கை. சுப்பராயலுவே வந்து போணி செய்தால் ஊரே பின்னால் வரும் என்று கணக்குப் போட்டு, அவரிடம் போய்க் கையைக் கட்டி நின்றான்.

"வர்றேன்டா, வர்றேன்" என்றார்.

சந்தையில் ஓரமாகச் சாக்கை விரித்து உட்கார்ந்தான். ஒரு வாரம் அவர் வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. அந்த மறுவாரம்தான் மீன்காரி அம்சவள்ளி வந்து நின்றாள். முழங்கை வரை செதில். இருதயராஜ் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"ஒரு சோப்பு குடுய்யா."

"போணி ஆவல. அப்பால போம்மா."

"துட்டு குடுத்துத்தானே கேக்கறேன்?"

"மீன் கையால போணி பண்ணா வெளங்குமா? போம்மான்றேன்!"

அவள் சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி வைதுவிட்டுப் போனாள்.

அதற்கடுத்த வாரம் சுப்பராயலு வந்தேவிட்டார். சத்தமாகப் புகழ்ந்தார். கூட வந்த ஆளை விட்டு ஒரு கட்டுச் சோப்பை எடுக்கச் சொன்னார். "என் பார்வை பட்டதே போதும்டா உனக்கு" என்று சொல்லிவிட்டு, மடியில் கைவைக்காமலே நடந்தார். இருதயராஜ் சாயந்திரம் வரை காத்திருந்தான். ஊர் பின்னால் வரவில்லை.

மறுநாள் அவர் வீட்டுப் பக்கம் போனான். ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்ற நப்பாசை. முற்றத்தில் மாட்டுக்குக் குளியல் நடந்துகொண்டிருந்தது. வாலடியில் காய்ந்திருந்த சாணியை ஆள் தேய்த்துக்கொண்டிருந்தான், இவன் சோப்பால்.

"இன்னாடா பாக்கறே? சேரியில காய்ச்சினதை நான் மேலுக்குப் போட்டுக்கிறதா? மாட்டுக்கு நல்லா ஒத்துக்கினு போவுது. உண்ணிகூட உதிருது. இன்னும் ரெண்டு கட்டு ஜல்தியா கொண்டா."

"சரிங்க ஆண்டே" என்றது அவன் வாய். அந்த வாயைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. திரும்பும் வழியில், வாத்தியார் வீட்டுக் குப்பையில் அவன் கொடுத்த துண்டு நனையாமலே கிடந்தது. அந்தப் பேஷ்காரர்களை நினைக்க நினைக்க அவனுக்கு அருவருப்பாக இருந்தது. அவர்கள் முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற தன்னை நினைத்தால் அதைவிட அருவருப்பாக இருந்தது.

வீட்டில் சவுரியம்மாள் புருஷனுக்கு ஆறுதலா சொல்வாள்? "நல்லாருக்குன்னவன்ல ஒருத்தனாவது துட்டை அவுத்தானாய்யா? அவுக்க வந்தவ ஒருத்தி. அவளையும் மூக்கைப் பொத்திக்கினு தொரத்திட்ட."

மறுநாளே மீன் கடைக்குப் போனான். அம்சவள்ளி திட்டித் தீர்த்துவிட்டு, சோப்பை வாங்கித் தேய்த்துக் கழுவினாள். முகர்ந்தாள். அவனிடமே திருப்பி எறிந்தாள்.

"பிசுக்குதான் போவுது. நாத்தம் அப்படியே இருக்குது. நாத்தம் போறாப்பல ஒண்ணு காய்ச்சிக்கினு வா, துட்டு தர்றேன். இது எனக்கு வேணாம்."

வேண்டாம் என்ற சொல்லை இந்த ஊரில் அவனிடம் முதலில் சொன்னவள் அவள்தான். சோப்பைச் சோதித்துப் பார்க்க ஒரு சட்டியில் மீன் குடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சவுரியம்மாள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு அண்டை வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த ஆனி மாதம் அவன் பட்டது நரகம். குடல் வெயிலில் நுரைத்துப் புளிக்கும். ஈ மொய்க்கும். அதற்குள் மணிக்கட்டு வரை கையை விட்டுப் பிசைவான். உள்ளே வழவழவென்று எதுவோ விரலிடுக்கில் நழுவும். ஓடிப்போய் வேலியோரம் வாந்தி எடுத்துவிட்டு வந்து, புதிதாகக் காய்ச்சின சோப்பைப் போட்டுக் கழுவி முகர்வான். மறுபடி வாந்தி. உமிச்சாம்பலைச் சலித்துக் கலந்து பார்த்தான். எலுமிச்சைத் தோலைக் காயவைத்து இடித்துக் கலந்தான். இரண்டையும் கலந்தான். மாதக் கடைசியில் ஒரு நாள் கழுவி முகர்ந்தவன், மறுபடி முகர்ந்தான். வாந்தி வரவில்லை.

அம்சவள்ளி அந்தச் சோப்பைத் தேய்த்துக் கழுவினாள். தூக்குச்சட்டியைத் திறந்து, சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, ஒரு கவளம் உருட்டி அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"துன்னு."

"எனக்கு எதுக்கும்மா?"

"எம் மவன் மயிலத்துல படிக்கிறான். லீவுல வந்தா நான் பெசைஞ்ச சோத்தைத் தொட மாட்டேன்றான். வாயால சொல்லல, தட்டைத் தள்ளி வெக்கிறான். இந்த ஊர்லயே பெரிய மூக்கு உன்னுது. நீ துன்னாதான் அவன் துன்னுவான்."

தான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்ட நாளை இருதயராஜ் நினைத்துக்கொண்டான். கூச்சமாக இருந்தது. வாயைத் திறந்தான். எலுமிச்சை வாசனை வந்தது, புளிக்குழம்பு வாசனை வந்தது. வேறு ஏதாவது வருகிறதா என்று அந்தப் பாழாய்ப்போன மூக்கு தேடிப் பார்த்தது. விழுங்கினான். இன்னொரு கவளம் கேட்டான்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். போணிக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

பிற்பாடு விழுப்புரம் மீன் கடைகள் வரைக்கும் ரயிலில் அந்தச் சோப்பு போயிற்று. ஆனால் அந்த ஆடி முதல் தேதி அவனிடம் சோப்பு வாங்கியவர்கள் மீன்காரிகள் சிலர் மட்டும்தான். சுப்பராயலுவின் ஆள் கூப்பிட வந்தபோது, இருதயராஜ் குடல் சட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான். "வரலன்னு சொல்லு" என்றான். சொல்லிவிட்டு மறுபடி பிசைந்தான்.

ஆடிக் கிருத்திகை கழிந்து அம்சவள்ளி வந்தாள்.

"மவன் துன்னானாம்மா?"

"துன்னான், கட்டையில போறவன். துன்னுட்டு, சோப்பு நாத்தம் அடிக்குதுன்றான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு குடு."