ஆவுடையப்பன் சொட்டு விட்ட பாறை

ஆவுடையப்பன் பதினோரு வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். தாவரவியல். கௌரவம் பதவியின் பெயரோடு சரி. அதே பதினோரு வருடமாக, ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குப் போகிற வழியில், மலைச்சாமியின் மாந்தோப்புப் பாறையில் ஒட்டியிருந்த ஆரஞ்சுத் திட்டை அளந்து வந்தார். அது வருடத்துக்கு அரை மில்லிமீட்டர் வளர்ந்தது. அவர் அதுகூட வளரவில்லை.

திட்டு, லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் உயிர். பிரியாணியில் போடும் கல்பாசிக்கு ஒன்றுவிட்ட உறவு. அதன் வித்துக்கிண்ணம் முதிர்ந்ததும் சுரண்டிப் பார்த்து இன்ன இனம் என்று சொல்லிவிட்டால் முனைவர் பட்டம். பட்டம் வந்தால் நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்காகவே நகம்கூடப் படாமல் காத்திருந்தார்.

இந்த ஆடியில் போனபோது பாறைக்கு மாலை போட்டிருந்தது. சுற்றிலும் சனம்.

"வாங்க சார். செந்தூரம் தானா பூத்திருக்கு, பாத்தியளா?" என்றார் மலைச்சாமி, முன்னாள் பட்டாளத்துக்காரர்.

"அண்ணாச்சி, இது லைக்கன். வருசா வருசம் வந்து அளக்கேன்ல?"

"அப்போ இம்புட்டு நாளும் சாமிக்கா ஸ்கேல் வச்சிய?"

"பிரியாணில போடுத கல்பாசி மாதிரி, அண்ணாச்சி."

"முன்னமே சொல்லியிருந்தா ஆட்டையும் பத்திட்டு வந்திருப்போம்" என்றாள் பூ கட்டிக்கொண்டிருந்த மாரிக்கனி. ஒரே சிரிப்பு.

அப்போதே திரும்பியிருக்கலாம். ஆனால் செய்துகாட்டினால் சனம் நம்பிவிடும் என்பது வாத்தியார்களுக்கே உரிய வியாதி. பையிலிருந்து பொட்டாஷ் கரைசலை எடுத்தார். ஆரஞ்சு லைக்கனை அடையாளம் காண அதுதான் சோதனை.

"செந்தூரம்னா அப்படியே இருக்கும். லைக்கன்னா நெறம் மாறும். நல்லாப் பாருங்க."

ஒரு சொட்டு. ஆரஞ்சு, பார்க்கப் பார்க்க ரத்தச் சிவப்பானது. சோதனை வெற்றி.

மாரிக்கனி குலவையிட்டாள். மலைச்சாமி செருப்பை உதறினார். "ஏலே, ரத்தம்லே! பாறைக்கு உசுரு இருக்குலே!"

"உசுரு இருக்குன்னுதான நானும் சொல்லுதேன்" என்றார் ஆவுடையப்பன். கேட்கத்தான் ஆளில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் எண்ணெய், பால், மஞ்சள் எல்லாம் ஆயிற்று. திட்டைச் சுரண்டிப் பிரசாதமாகக் கொடுத்துத் தீர்த்து, வெறும் கல்லில் ஆரஞ்சு எனாமல் பூசினார்கள். முதல் மரியாதை, சாமியை வரவழைத்தவருக்கு. பதினோரு வருடத்தில் கல்லூரியில் தனி நாற்காலிகூடப் பார்க்காத மனிதர், பரிவட்டத்துக்குத் தலையைக் குனிந்து கொடுத்தார். அவருக்கென்று எடுத்து வைத்திருந்த கடைசிச் சுரண்டலை நெற்றியில் அப்பி, "இனி ஒமக்கு ஒரு கொறையும் வராது சார்" என்றார் மலைச்சாமி.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று, நெற்றியை பிளேடால் பதமாகச் சுரண்டி மாதிரி சேகரிக்கும் உறையில் போட்டார். மேலே தேதி எழுதினார், ஊர் எழுதினார். 'எதன்மேல் வளர்ந்தது' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.