வேர்க்காத இடம்

முதல் அறிகுறியை எங்கள் வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். இடது கன்னத்தில், காதுக்கு முன்னால், எட்டணாக் காசு அளவுக்குத் தோல் வெளுத்திருந்தது. அப்போது எனக்குப் பதினைந்து வயது. ஏரியூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தோம்.

"ஸ்நோ வேலை செய்யுதுடி. கலரு வருது பாரு" என்றாள் அம்மா.

அந்த முகப்பூச்சை வாங்கி வந்தவர் அப்பா. அலங்காரத்தில் நாட்டமுள்ளவர் அல்ல. ஆனால் அவருடைய தங்கையை, கறுப்பு என்று சொல்லி மூன்று வீட்டார் வேண்டாமென்று போயிருந்தார்கள். மூன்று முறையும் வந்தவர்களை வாசல்வரை சென்று வழியனுப்பியவர் அவர்தான். மகளுக்கு அது நேரக்கூடாது என்று நினைத்தார். நானும் மறுக்கவில்லை. பள்ளியில் நாங்கள் கைகளை வரிசையாக நீட்டி நிறம் ஒப்பிடுவோம். நான் கடைசி, அல்லது கடைசிக்கு முந்தி.

அந்த ஆண்டு நிலக்கடலை பிடுங்கும்போது செம்மண் புழுதி வேர்வையில் ஒட்டி முகமெல்லாம் அப்பியிருந்தது. அப்பா என்னையே பார்த்தார். வெளுத்த இடத்தில் மட்டும் புழுதி இல்லை.

"பாப்பா, அந்த எடம் மட்டும் வேக்கலயே." கையிலிருந்த கடலைச்செடியின் காம்பால் அங்கே தொட்டார். "தெரியுதா?"

"எதுப்பா?"

அவர் மறுபடியும் தொட்டதை அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, புதன்கிழமையில், பென்னாகரம் சாலையோரப் புளியமரத்தடிக்கு ஒரு மருத்துவ வண்டி வரும். அங்கே மருத்துவர் என் கண்களை மூடச் சொல்லி மூன்று சோதனைகள் செய்தார். பஞ்சால் தொட்டார், எனக்குத் தெரியவில்லை. வெந்நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயையும் குளிர்ந்த நீர் நிரப்பியதையும் வைத்தார்; மாற்றிச் சொன்னேன். பிறகு ஸ்மியர் (தோலை லேசாகக் கீறி, கசியும் நீரில் கிருமி தேடுவது) எடுத்தார். அதில் கிருமி இல்லை. என்னால் பிறருக்குத் தொற்றாது, பள்ளிக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். ஆனால் நோய் தொழுநோய்தான், ஆரம்ப நிலை.

அம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா கேட்டார்: "ஐயா, நான் வாங்கியாந்த ஸ்நோவுனாலயா?"

"இல்லீங்க. அது கலரும் குடுக்கல, வியாதியும் குடுக்கல."

"பழைய கருப்பு திரும்ப வருமுங்களா?"

"மெதுவா வரும். மாத்திரைய விடக்கூடாது. விட்டா நரம்பு கெட்டு அந்தப் பக்கத்து இமை மூடாமப் போயிடும். அப்புறம் கண்ணே போயிடும்."

டாப்சோன் (அப்போது தொழுநோய்க்குத் தரப்பட்ட மாத்திரை) அன்றே தொடங்கியது.

சேதி கேட்டு அத்தை வந்தாள். "அண்ணா, ரோட்டோரம் வரிசையில நிக்கறத ஊரே பாக்குது. இதுக்கப்புறம் எவன் வருவான்? எங்கூட்டுக்கு அனுப்பு. நாட்டு மருந்து பாத்துக்கலாம்."

"கண்ணு போனா?"

"பேரு போனா?"

"மூணு பேரு வேணாம்னு போனாங்களே, நீ செத்தா போய்ட்ட?"

"சாவல. நெதமும் நெனச்சிக்கறேன்" என்றாள் அத்தை.

வண்டி வரும் அடுத்த புதனன்று, அப்பா மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னைக் கூட்டிப்போனார். வரிசையில் பெண்கள் முந்தானையால் முகத்தை மூடியிருந்தார்கள். நானும் தாவணியை இழுத்துக்கொண்டேன். அப்பா திருவிழாக் கூட்டத்தில் நிற்பவர்போல நின்றார்.

சாலையில் போன ஊர்க்காரர் ஒருவர் மாட்டுவண்டியை நிறுத்தினார். "என்னங்க இங்க? யாருக்கு?"

"எம்பொண்ணுக்குத்தான். கன்னத்துல வெளுப்பு. கலரு வருதுன்னு ஏமாந்துட்டோம். உம்பொண்ணு மூஞ்சியையும் ஒருவாட்டி நல்லாப் பாரு."

அவர் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். அடுத்த மாதம் மகளோடு வந்து வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றார். அவளுக்கு இருந்தது வெறும் தேமல். அதற்குள் நான் தாவணியை முகத்திலிருந்து எடுத்திருந்தேன்.

ஐந்து ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டேன். ஒரு நோட்டில் தேதி, மாத்திரை எண்ணிக்கை, அடிக்கோலால் அளந்த வெளுப்பின் நீளம், அகலம், சோர்வு உண்டா இல்லையா என்று எழுதினேன். இரண்டாம் ஆண்டில் இரத்தசோகை (இரத்தத்தில் சிவப்பணு குறைவது) வந்தது. இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்தது. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அப்பா என்னை வெயிலில் நிறுத்தி, தாடையைத் திருப்பிப் பார்ப்பார். மூன்றாம் ஆண்டில் ஒருநாள், கோயில் வாசலிலேயே கத்தினார்: "கருக்குது பாப்பா! ஓரத்துலேர்ந்து கருக்குது!" பங்குச் சாமியார்கூடத் திரும்பிப் பார்த்தார்.

மாத்திரை நிறுத்தியபின் பாலக்கோட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "லட்சணமாத்தான் இருக்குது. கொஞ்சம் கருப்பு."

"ஆமாங்க" என்றார் அப்பா. "இந்தக் கருப்பு வர்றதுக்கு அஞ்சு வருசம் பாடுபட்டோம்." பிறகு ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார். என் நோட்டையும் எடுத்துவந்து காட்டினார். "ஒரு நாளுகூட வுடல பாருங்க. எழுத்தப் பாருங்க."

அவர்கள் காபியை முடிக்காமல் எழுந்தார்கள். அப்பா வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பினார். அந்த முகத்தில் வருத்தத்தைத் தேடினேன். "சேலத்துல அந்தப் பரிசோதனைக்கூடப் படிப்புன்னு சொன்னியே, பாப்பா, எப்ப சேரணும்?" என்று கேட்டார்.

அதைப் படித்துத்தான் இப்போது ஸ்மியர் எடுக்கிறேன். இதைப் படிக்கும் தகப்பனார்களுக்கு நான் சொல்லக்கூடியவை சில: உங்கள் மகளின் முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வெளுத்த இடத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று கேளுங்கள். கேட்டபின் அவளுடைய பதிலுக்குக் காத்திருங்கள்.

என் இமை மூடுகிறது. கன்னத்தில் உணர்வு முழுவதும் திரும்பவில்லை. பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வலப்பக்கம் காற்று உடனே தெரிகிறது. இடப்பக்கம் ஒரு நொடி கழித்துத் தெரிகிறது. அந்த ஒரு நொடி நான் அசையாமல் இருக்கிறேன். காற்று வந்துவிடுகிறது.