அம்மா அல்லது பெண் உறவினர்

போன வாரம் என் மனைவி ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கேள்விப்பட்டுப் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்த நண்பர்களுக்கு நன்றி. ஆனால் அவளுக்கு ஒன்றும் இல்லை. பழங்களை நான்தான் சாப்பிட்டேன்.

அவள் இருந்தது குழந்தைகள் வார்டில் — துணையாக. யார் குழந்தைக்கு? அதுவரை இரண்டே முறை பார்த்திருந்த ஒரு குழந்தைக்கு!

கெலுகோரில் எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆன குணசேகரனின் மகள் செல்வி. நாலு வயது. குணா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். இரும்புப் பெட்டிகள் வந்தன, கிரேன்கள் வந்தன. தோள்கள் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மனைவி மல்லிகாவுக்கு மட்டும் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அவனும் அதே கேட்டில் போய் நின்றிருக்கிறான். பெண் ஆப்பரேட்டர்கள் மட்டும் தேவை என்று அறிவிப்பு. சின்னக் கம்பியைப் பிடிக்கச் சின்ன விரல் வேண்டும் என்று காவலாளி விளக்கம் சொன்னாராம்.

ஆகவே மல்லிகா ஷிப்டுக்குப் போனாள். குணா சமைத்தான், துவைத்தான், குழந்தையைக் குளிப்பாட்டித் தலைவாரினான். நன்றாகவே வாரினான் — வகிடு நேராக இருக்கும். காப்பிக் கடையில் அவனுக்குப் பெயர் ‘ஆயா’.

“என்ன ஆயா, இன்னிக்கு என்ன கறி?”

அவன் சிரித்துக்கொண்டே பதில் சொல்வான். மீன் என்றால் மீன் என்பான். வேறென்ன செய்ய?

பிறகு செல்விக்கு மூச்சு இழுப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கை கொடுத்தார்கள். துணைக்கு ஒருவர் தங்கலாம். ஆனால் ஆண் தங்க முடியாது. முதல் நாள் மல்லிகா தங்கினாள். இன்னொரு நாள் வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் சொல்லியனுப்பினார். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாதவளுக்கு லீவு ஏது? அந்தச் சம்பளம் போனால் வீட்டில் வேறு சம்பளம் ஏது?

குணா என்னிடம் வந்தான். நான் ஓய்வுபெற்ற சீஃப் கிளார்க். அதுவும் அதே ஆஸ்பத்திரியில். விதி, துணை விதி, விதிவிலக்கு எல்லாம் மனப்பாடம்.

இந்த விதி இன்னும் நன்றாகவே மனப்பாடம் — தட்டெழுதியவன் நான்.

நியாயமான விதிதான். பால் கொடுக்கும் தாய்மார்கள் இருக்கும் இடம். அந்நிய ஆண்கள் படுத்துக் கிடந்தால் நன்றாயிருக்குமா? அப்பாக்களுக்கு மூலையில் ஒரு தடுப்பாவது போடலாமா என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. எந்த ஆம்பளை பிள்ளையோடு வந்து படுக்கப்போகிறான் என்று அன்றைய அதிகாரி கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்துக்கொண்டே தட்டினேன். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் ஒருவரும் வந்து கேட்கவில்லை. கேட்காததால் விதி சரி என்று நினைத்துவிட்டோம்.

கேட்க ஒருவன் வந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? விதியை எடுத்து ஓட்டை தேடினேன். ‘அம்மா அல்லது பெண் உறவினர்’ என்று இருந்தது. உறவை நிரூபிக்கச் சான்று வேண்டும் என்று எங்கேயும் இல்லை. என் மனைவியைச் செல்விக்குப் பெரியம்மா ஆக்கி ஒரு கடிதம் எழுதினேன். என்னிடம் வேலை பழகிய பையன்தான் இப்போது அந்த நாற்காலியில். பத்தே நிமிடத்தில் முத்திரை விழுந்தது. எனக்கு ஒரே பெருமை.

குணா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்.

“அண்ணே, எனக்குன்னு எழுதிக் கேக்க முடியாதா? அவ எங்கிட்டதான் தூங்குவா.”

“கேக்கலாம் தம்பி. மேலே போகும், கீழே வரும். மூணு வாரம் ஆகும்லா.”

நான் சொன்னது பொய்யில்லை. எழுத்தில் கேட்டால் மூன்று வாரம்தான். ஆனால் மாடியில் மேட்ரன் இருந்தார். பன்னிரண்டு வருஷம் என்னோடு தேநீர் குடித்தவர். ஏறிப்போய் வாயால் கேட்டிருக்கலாம். முடியாது என்றுகூடச் சொல்லியிருப்பார் — ஆனால் கேட்டிருக்கலாம். படி ஏற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காகிதம் சரியாக இருந்தால் காரியம் முடிந்தது என்று வாழ்ந்தவனுக்கு எப்படித் தோன்றும்?

அவன் கேட்டது ஒன்று. நான் கொடுத்தது ஒன்று. நன்றி வேறு சொன்னான்.

பார்வை நேரம் முடிந்ததும் குணாவை வெளியே அனுப்பிவிடுவார்கள். அவன் வீட்டுக்குப் போகாமல் வார்டு ஜன்னலுக்கு நேரே மரத்தடியில் நிற்பான். குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பா, அப்பா என்று கத்தும். கத்தினால் இழுப்பு கூடும். மூன்றாம் நாள் மிஸ்ஸி ஜன்னலைச் சாத்திவிட்டார். அந்த நர்ஸையும் குறைசொல்ல முடியாது. ஒரு வார்டு முழுக்கப் பிள்ளைகள். குணாவிடம், மரத்தடியில் நின்றால் பிள்ளைக்குத்தான் கெடுதி என்று சொல்லியிருக்கிறார். அதன்பின் அவன் கட்டடத்தின் மறுபக்கம் போய் நின்றான், குழந்தைக்குத் தெரியாத பக்கம்.

பார்வை நேரத்தில் குளித்துவிட்டுப் போக வீட்டுக்கு வந்த என் மனைவி இதையெல்லாம் சொன்னாள். சொல்லிவிட்டு, “ஏங்க, நான் யாருங்க அந்தப் பிள்ளைக்கு?” என்று கேட்டாள். என் கடிதத்தின்படி பெரியம்மா. நான் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

பெண்களுக்கு எதிரான விதிகள் இந்த நாட்டில் கொஞ்சமா என்று சகோதரிகள் கேட்பீர்கள். கொஞ்சமில்லை, பலவற்றை நானே ஃபைல் செய்திருக்கிறேன். ஆனால் இந்த ஒரே வரியைப் பாருங்கள். பிள்ளைக்கு நோய் என்றால் வேலையை விட வேண்டியவள் அம்மா என்கிறது. பிள்ளையை வளர்த்தவனே ஆனாலும் அப்பா விருந்தாளி என்கிறது. மல்லிகாவைக் கட்டிய கயிற்றின் மறுமுனைதான் குணாவின் கழுத்தில்...

சனிக்கிழமை செல்வியை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலில் குணா காத்திருந்தான். ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தோம். அவள் என் மனைவியின் கையை விடவில்லை. அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்க ஏம்ப்பா உள்ள வரல? நான் கூப்டேன்ல?”

குணா குனிந்து அவள் செருப்பு வாரைப் போட்டுவிட்டான். போட்டு முடிக்க வெகுநேரம் ஆயிற்று. விதியைச் சொல்லலாம். மிஸ்ஸி மேல் பழியைப் போடலாம். பக்கத்திலேயே நின்ற என்னைக் காட்டியிருக்கலாம்.

“அப்பாவுக்கு ஊசின்னா பயம்மா,” என்றான்.

செல்வி நம்பிவிட்டாள்.