அம்மா உட்காராத நாற்காலி

மார்த்தாண்டத்தில் அண்ணன் கட்டிய புது வீட்டில் அம்மாவின் நினைவு ஜெபக்கூட்டம். எங்கள் பழைய பிரம்பு நாற்காலிக்கு வார்னிஷ் அடித்து, அதில் அம்மாவின் போட்டோவை வைத்திருந்தான்.

"அம்மைக்கு உசிரான கசேரியாக்கும்" என்றான் வந்தவர்களிடமெல்லாம்.

வார்னிஷை மீறி எனக்கு ஈரப் பிரம்பு மணத்தது. பின்னல் தொய்ந்தால் நாற்காலியைக் கவிழ்த்து, உப்புப் போட்ட வெந்நீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து இறுக்குவது அம்மாதான். இறுகிவிட்டதா என்று உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பாள்.

"ஒருக்கா இருந்துதான் பாரேன்" என்பேன்.

"அப்பா இருக்கிய கசேரி மக்கா."

அப்பா போனபின் அதில் அண்ணன் உட்கார்ந்தான். அம்மாவுக்குத் தரைதான்.

போதகர் பிந்தி வந்தார். அண்ணன் அவசரமாகப் போட்டோவை எடுத்துத் தரையில் சாய்த்துவைத்தான்.

"இரிங்க ஐயா."