தூங்கிவிடும் பக்கம்

பிரேமலாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஜொகூரின் பாசிர் கூடாங்கில், தொழிற்சாலை கேன்டீனில் உட்கார்ந்து கைப்பேசியையே வெறித்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு, அவள் வேலைக்கு விண்ணப்பித்திருந்த சிங்கப்பூர் நிறுவனத்தார் அவளுடைய கணினி நிரலைத் திறந்து பார்ப்பார்கள். ஓடினால் நேர்காணல். ஓடாவிட்டால் இன்னும் எத்தனை வருடமோ இதே ஷிப்ட், இதே வீங்கிய கால்கள்!

பாலோ என்ற சிற்றூரிலிருந்து வந்து பன்னிரண்டு வருடம் உற்பத்தி லைனில் நின்றவள். முப்பத்தாறு வயதில், தொழிற்சாலை பஸ்ஸின் குலுக்கலில், கைப்பேசியிலேயே நிரல் எழுதப் படித்தாள். எந்த பஸ் எப்போது வரும் என்று காட்டும் சின்ன நிரல்தான் அவர்கள் பார்க்கப்போவது. வீட்டில் கணினி ஏது? எழுதவும் ஓட்டவும் பகிரவும் இணையத்தளங்களே கதி. மூன்றை மாற்றி மாற்றிப் பார்த்திருந்தாள். ஒன்று வேகமானது, ஆனால் இணைப்பு கிடைத்த எவரும் நிரலைத் திருத்தலாம். இன்னொன்று, பார்க்க வருகிறவரையே பதிவு செய்யச் சொல்லும். மூன்றாவதில் மற்றவர் தொட்டால் அவருக்குத் தனி நகல், மூலம் பத்திரம். ஆனால் பத்து நிமிடம் யாரும் வராவிட்டால் தூங்கிவிடும்; எழும்ப இரண்டு நிமிடம். நிறுவனத்தார் அதுவரை காத்திருப்பார்களா?

வேகத்தை நம்பி, முதல் தளத்தின் இணைப்பையே நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தாள். ஆசையில் அதைத் தொழிற்சாலை பஸ்ஸில் வருகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாள். இப்போது திரை முழுக்கச் சிவப்பில் பிழை.

பஸ் ஓட்டுநர் வீரமுத்துவே போனில் கூப்பிட்டார். "நான்தான் தங்கச்சி. என் பஸ்ஸு அஞ்சு அம்பது லா, நீ அஞ்சே முக்கால்னு போட்டிருந்தே. திருத்தினேன்."

"அலமாக்! அண்ணே, கூடவே ஒரு அடைப்புக்குறியையும் அழிச்சிட்டீங்க. என் வாழ்க்கையே அதுல தொங்குது!"

சரி செய்தாள். அதற்குள் வேறு யாரோ தன் நிறுத்தத்தைச் சேர்த்தார், மறுபடி சிவப்பு. நிரலை மூன்றாவது தளத்துக்கு மாற்றி, புது இணைப்பை நிறுவனத்துக்கும் குழுவுக்கும் அனுப்பிவிட்டு, வீரமுத்துவை அழைத்தாள்.

"இது தூங்கிடும் அண்ணே. ஒண்ணரைக்கு லைனுக்குப் போறப்போ என் போன் லாக்கர்ல போயிடும். யாரு எழுப்புவா?"

"குழுவுல நாப்பது பேரு இருக்கோம். கெடுத்தது நான்தானே? இன்னிக்கு லீவுல இருக்கிறவங்கள அஞ்சு நிமிஷத்துக்கு ஒருத்தரா திறக்கச் சொல்றேன். தூங்கிடுமா பாக்கலாம்!"

லைனில் நின்றவளுக்கு ஒவ்வொரு நிமிடமும் யுகமாக நகர்ந்தது. நான்கு மணிக்கு லாக்கரைத் திறந்தாள். குழுவில் வரிசையாக, 'திறந்தேன்', 'நானும்', 'முழிச்சிருக்கு லா'. கடைசியாக நிறுவனத்தின் மின்னஞ்சல்: 'உடனே ஓடியது. திங்கட்கிழமை காலை பேசலாமா?'

கண்ணீர் பொங்கியது. துடைக்கக்கூட நேரமில்லை. திங்கட்கிழமை அவளுக்குக் காலை ஷிப்ட்! குழுவில் எழுதினாள்: 'யாராச்சும் என்கூட ஷிப்ட் மாத்திக்குவீங்களா?'